குத்துவிளக்கை எதைக் கொண்டு விளக்குவது?

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் திருவண்ணாமலையில் இரண்டு சத்தம் ஓயாமல் கேட்கும். ஒன்று மழைச் சத்தம். மற்றொன்று பாத்திரம் தேய்க்கும் சத்தம்!

தீபத் திருவிழா வந்துவிட்டது அல்லவா? பரணில் கிடந்த பித்தளை விளக்குகள் எல்லாம் கீழே இறங்கிவிட்டன. 2,668 அடி உயர மலையின் உச்சியில் மாலை 6 மணிக்கு மகா தீபம் தெரிந்ததும், ஊரில் உள்ள வீடுகளில் எல்லாம் விளக்கு ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் நம் வீட்டு விளக்கு மட்டும் கறுத்துக் கிடக்கலாமா?

தமிழில் "விளக்கு" என்றால் ஒளி தரும் பொருள். "விளக்கு" என்றால் தேய்த்துக் கழுவு. "விளக்கு" என்றால் புரியும்படி சொல். இந்த மூன்று வேலையும் இன்று நமக்கு இருக்கிறது.

சிவந்து போன விளக்கு

பே கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. வாசலில் ஒரு பாட்டி குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றடி விளக்கு. பாட்டியின் கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் கொடுத்த சீர். அதன் அடிப்பாகம் பித்தளை நிறத்தில் இல்லை. செங்கல்லைப் போலச் சிவந்திருந்தது!

"என்ன பாட்டி, இது செம்பா?" என்று கேட்டேன்.

"பித்தளைதான் தம்பி. என் மருமகள் செய்த வேலையைப் பாருங்கள்" என்றார்.

மருமகள் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். "நான் என்ன செய்வேன் அத்தை? சீக்கிரம் ஆகட்டும் என்றுதான் ஊற்றினேன்" என்றார். கழிவறை கழுவும் ஆசிட்டை வாளியில் ஊற்றி, விளக்கின் அடிப்பாகத்தை அதில் ஊறவைத்துவிட்டார்!

நடந்தது இதுதான். பித்தளை என்பது ஒரே உலோகம் அல்ல. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. கடுமையான அமிலத்தில் ஊறினால் துத்தநாகம் முதலில் கரைந்து போகும். செம்பு மட்டும் மேலே தங்கும். அதனால்தான் சிவப்பு.

பாட்டி மனம் தளரவில்லை. நான்கு நாட்களாகத் தினம் ஒரு மணி நேரம் சலித்த சாம்பலும் துணியுமாகத் தேய்த்து வருகிறார். சிவப்பு மேல்தோல் மட்டும்தான். அது மெல்லத் தேய்ந்து, உள்ளே இருக்கும் மஞ்சள் தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஆனால் பீடத்தின் விளிம்பில் அம்மைத் தழும்பு போலச் சிறு சிறு குழிகள் விழுந்துவிட்டன. அவை இனி மறையமாட்டா.

முதலில் பிசுக்கு, பிறகு புளி

விளக்கு கறுப்பதற்குக் காரணம் இரண்டு. எண்ணெய்ப் பிசுக்கு ஒன்று. காற்றும் ஈரமும் பட்டு உலோகத்தின் மேல் படிகிற கறை மற்றொன்று. பச்சையாகப் படிந்தால் அதையே களிம்பு என்கிறோம். இவை இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். எண்ணெய் போவதற்கு முன்பே புளியைப் போட்டுத் தேய்க்கிறார்கள். புளி எண்ணெய் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கறையைத் தொடாது.

முதலில் விளக்கின் மறைகளைத் திருகித் தனித்தனியாகக் கழற்ற வேண்டும். பழந்திரியை எடுத்துவிட்டு, வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு சாம்பலோ சீயக்காயோ போட்டுத் தேய்த்தால் பிசுக்கு போய்விடும். விறகுச் சாம்பலில் காரம் இருக்கிறது. அது எண்ணெயோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாகவே மாறிவிடும். நம் பாட்டிமார்கள் சோப்புக் கடைக்குப் போகாததன் ரகசியம் இதுதான். காஸ் அடுப்பு வந்த பிறகு சாம்பலுக்கு எங்கே போவது என்கிறீர்களா? அதையும் இப்போது பொட்டலம் போட்டு விற்கிறார்கள்!

அடுத்ததுதான் புளி. ரசத்துக்குக் கரைத்த பின் மிஞ்சிய சக்கையே போதும். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தில் சிட்ரிக் அமிலம். இரண்டும் சாதுவான அமிலங்கள். கறையைக் கரைக்கும். உலோகத்தை அவ்வளவாகத் தின்னாது. ஆனாலும் ராத்திரி முழுவதும் ஊறப்போட்டால் புளியும் பித்தளையைச் சிவக்கவைக்கும். தேய்த்ததும் கழுவிவிடுங்கள்.

எதைக் கொண்டு தேய்ப்பது? தேங்காய் நார் நல்லது. சித்திர வேலைப்பாட்டின் இடுக்குகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். இரும்புக் கம்பிச் சுருளும் ஆற்று மணலும் வேண்டவே வேண்டாம். கீறல் விழும். அடுத்த வருஷம் அந்தக் கீறலுக்குள்ளேயே கறை போய் உட்காரும். செங்கல் தூள் போடுகிறவர்கள் துணியில் சலித்துப் போடவேண்டும். பூஜை அறையில் இருக்கும் சின்ன விக்கிரகங்களுக்கு எந்தத் தூளும் வேண்டாம் என்பது என் கருத்து. வருஷா வருஷம் தேய்த்து, கண்ணும் மூக்கும் இல்லாமல் போன கிருஷ்ணனை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

கழுவியதும் உடனே துடைக்க வேண்டும். வெயிலில் காயவைக்க வேண்டும். மழை நாளென்றால் அடுப்பங்கரையில் வைக்கலாம். நன்றாகக் காய்ந்த பிறகு உலர்ந்த விபூதியைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும். மறைகளில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு மாட்டினால் அடுத்த தடவை கழற்றும்போது மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

புது விளக்கு வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. சில விளக்குகளுக்குக் கடையிலேயே மெல்லிய வார்னிஷ் பூசியிருப்பார்கள். அதைப் புளி போட்டுத் தேய்த்தால் அங்கங்கே உரிந்து தேமல் போல ஆகிவிடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

குதிரை லாயத்தில் வெடித்த தோட்டாக்கள்

பித்தளையைப் பற்றி உலகத்துக்கே ஒரு பாடம் நம் நாட்டில்தான் கிடைத்தது. அந்தக் கதை சுவையானது.

துப்பாக்கித் தோட்டாவின் கூடும் பித்தளைதான். 100 பங்கில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வெள்ளைக்காரர் ஆட்சியில் பட்டாளத்தார் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். மழை விட்ட பிறகு எடுத்துப் பார்த்தால் கூடுகளின் கழுத்தில் விரிசல்! யாரும் தொடவில்லை. யாரும் சுடவில்லை. தானாகவே வெடித்திருந்தன. மழைக்காலம் வந்தால் வெடிக்கிறது என்பதால், "பருவ வெடிப்பு" என்ற பொருளில் அதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள்.

1921-ல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் காரணத்தைத் தெளிவாகச் சொன்னார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து அம்மோனியா ஆவி எழுகிறது. ஈரக் காற்றோடு அது பித்தளையைத் தாக்குகிறது. தகட்டை இழுத்துக் குழலாக்கும்போது அதற்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. ஆவியும் ஈரமும் இறுக்கமும் ஒன்று சேர்ந்தால் விரிசல்! செய்து முடித்த கூட்டை இளஞ்சூட்டில் காய்ச்சினால் இறுக்கம் தளர்ந்துவிடும். அதுவே பரிகாரம்.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். தகட்டை அடித்தும் இழுத்தும் செய்த குடத்திலும் தவலையிலும் அதே இறுக்கம் இருக்கிறது. மாட்டுக் கொட்டகையிலும் அம்மோனியா எழுகிறது. மழை நாட்களில் அங்கே பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து வைக்காதீர்கள். கெட்டியாக வார்த்த குத்துவிளக்குக்கு அவ்வளவு பயமில்லை. மெருகு போடும் சில திரவ மருந்துகளிலும் அம்மோனியா உண்டு. மூக்கில் நெடி ஏறினால் தெரிந்துகொள்ளலாம். மெல்லிய பாத்திரத்துக்கு அது ஆகாது.

அமெரிக்கா போன்ற நாடுகளில் சுட்டு முடித்த தோட்டாக் கூட்டை எறிவதில்லை. தேய்த்துக் கழுவி, மறுபடி மருந்தும் குண்டும் வைத்துச் சுடுகிறவர்கள் ஏராளம். சுழலும் பீப்பாய்க்குள் அக்ரோட்டு ஓட்டுத் தூளையோ மக்காச்சோளச் சக்கைத் தூளையோ கொட்டி, அதில் கூடுகளைப் போட்டு மணிக்கணக்கில் உருட்டுவார்கள். சிலர் தண்ணீரும் சோப்பும் எஃகு ஊசிகளும் போட்டு, ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பும் சேர்ப்பார்கள். எலுமிச்சை உப்பு என்பது அதே சிட்ரிக் அமிலந்தான்! மெல்லிய புளிப்பு, மிருதுவான தூள், பொறுமை. நம் பாட்டியின் முறைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? உருட்டும்போது கிளம்பும் தூசியில் ஈயம் கலந்திருக்கும் என்று அவர்களை எச்சரிப்பார்கள். நம் நாட்டிலோ, 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி தோட்டாவைக் கையில் வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும்.

பளபளப்பு வெளியே, ஈயம் உள்ளே

விளக்கைத் தேய்க்கிற கையோடு சமையல் பாத்திரங்களையும் கவனித்துவிடுங்கள். இப்போது பலர் பரணிலிருந்து பித்தளைப் பாத்திரத்தை இறக்கிச் சமைக்க ஆசைப்படுகிறார்கள். நல்லதுதான். ஆனால் உள்ளே ஈயப் பூச்சு இருக்கிறதா? பூச்சு இல்லாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால், விளக்கில் கறையைக் கரைத்த அதே புளி பாத்திரத்தின் செம்பைக் கரைத்துக் குழம்பில் சேர்த்துவிடும். குமட்டலும் வாந்தியும் வரும்.

முன்பெல்லாம் தெருவிலேயே துருத்தி போட்டு ஈயம் பூசுவார்கள். பாத்திரத்தை நெருப்பில் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுப் பஞ்சால் இழைத்தால் வெள்ளி போல மின்னும். இந்த வேலை தெரிந்தவர்கள் இன்று குறைவு. தேடிப்பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். பூசச் சொல்லும்போது "வெள்ளீயம்தானே?" என்று கேட்டுவிடுங்கள். காரீயம் உடம்புக்கு விஷம். பூசிய பாத்திரத்தின் உட்புறத்தைச் சாம்பல் போட்டுப் பறண்டக் கூடாது.

மலைமேல் ஏறும் கொப்பரைக்கு இந்தத் தேய்ப்பெல்லாம் கிடையாது. அது பெரிய செப்புக் கொப்பரை. திருவிழாவுக்கு முன் அதைச் செப்பனிட்டு, அர்த்தநாரீசுவரர் உருவம் எழுதி வண்ணம் தீட்டுகிறார்கள். தீபத்துக்கு முதல் நாள் அது மலை ஏறும். 11 நாட்கள் எரிந்தபின் மிஞ்சும் மை ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தப்பட்டு, பிறகு பக்தர்களுக்குப் பிரசாதமாகிறது. கறியையும் கறையையும் கழுவித் தள்ளுகிற இந்த ஊரில், கைநீட்டி வாங்கிக்கொள்கிற கரி அது ஒன்றுதான்!

நான் கிளம்பும்போது பாட்டி சாம்பல் துணியை மருமகள் கையில் கொடுத்தார்.

"இந்தாம்மா, இனி நீ தேய். தண்டுக்குப் புளி போதும். அடிப்பாகத்துக்குச் சாம்பல் மட்டும்."

"சரி அத்தை. தீபத்துக்குள் முழுக்க மஞ்சளாகிவிடுமா?"

"ஆகாவிட்டால் என்ன? அந்தப் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்து ஏற்றுவோம்" என்றார் பாட்டி.