மணமகள் கையில் ஒரு பத்திரம்

தம்பானூரில் ரயிலேறினால் நாலைந்து மணி நேரத்தில் எர்ணாகுளம். அங்கிருந்து மட்டாஞ்சேரி பக்கம்தான். ஊரிலிருந்து வரும் உறவினர்களைக் கோவளத்துக்கும் பத்மநாப சுவாமி கோயிலுக்கும் அழைத்துச் செல்லும் நம் சங்கக் குடும்பங்கள், ஒரு நாள் மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்கும் போய்வர வேண்டும் என்பது என் விருப்பம். நாம் கற்றுக்கொள்ள அங்கே ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதப் பள்ளிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். தரையெங்கும் சீனாவிலிருந்து வந்த நீல, வெள்ளை ஓடுகள். மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள். பேழைக்குள் அவர்களது வேதமான தோராச் சுருள்கள். அச்சுருள்களுக்குச் சூட்டும் பொற்கிரீடங்களில் ஒன்று நம் திருவிதாங்கூர் மகாராஜா கொடுத்தது.

அதைவிடப் பழைய செல்வம் ஒன்றும் அவர்களிடம் உண்டு. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு. எழுத்து, நம் வட்டெழுத்து. பகல் விளக்கு, பாவாடை (நடப்பதற்கு விரிக்கும் துணி), பல்லக்கு, குடை, பறை, எக்காளம், தோரணம் முதலிய 72 உரிமைகள் அதில் அளிக்கப்பட்டன. படிக்கும்போது கல்யாண ஊர்வலமே கண்முன் வருகிறதல்லவா?

கொச்சி யூதர் கல்யாணத்தில் தாலி உண்டு. பெண்கள் கூடிப் பாடும் மலையாளப் பாட்டும் உண்டு. ஆனால் கல்யாணத்தை உறுதிசெய்யும் முக்கியமான பொருள் 'கெத்துபா' என்னும் திருமண ஒப்பந்தப் பத்திரம். அராமிய மொழியில் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திடுவார்கள். கொச்சியில் மாப்பிள்ளையே அதைச் சபையறிய உரக்கப் படிப்பது வழக்கம்.

அதில் என்ன எழுதியிருக்கும்? மனைவிக்கு உணவும் உடையும் தந்து காப்பாற்றுவேன். நான் இறந்தாலோ, மணவிலக்கு நேர்ந்தாலோ இன்ன தொகை அவளைச் சேரும் என்ற உறுதி. முதல் மணம் புரியும் கன்னிக்கு 'ஸுஸ்' என்னும் பழைய வெள்ளிக் காசு 200 என்பது குறைந்தபட்சக் கணக்கு. அவள் கொண்டுவரும் சீரும் அதில் குறிக்கப்படும். பத்திரம் இருக்க வேண்டிய இடம் மனைவியின் கை. தொலைந்துவிட்டால் வேறொன்று எழுதி வாங்காமல் தம்பதிகள் சேர்ந்து வாழக் கூடாது என்பது அவர்கள் சட்டம்.

எகிப்தின் எலிஃபன்டைன் தீவில் வாழ்ந்த யூதப் படைவீரர் குடும்பங்களின் மண ஒப்பந்தங்கள், கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பப்பைரஸ் தாள்களில் கிடைத்திருக்கின்றன. வெனிஸிலும் இஸ்பஹானிலும் இப்பத்திரங்களைப் பூவேலையும் பொன்வண்ணமுமாக அலங்கரித்தார்கள். ஊர் மாறியது, உடை மாறியது. பத்திரம் எழுதும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மட்டாஞ்சேரி கடவும்பாகம் பள்ளியின் மரவேலைப்பாடுகள் இன்று ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் உள்ளன.

இதையெல்லாம் வாசித்தபோது எனக்கு என் சித்தியின் நினைவுதான் வந்தது. நாகர்கோவில் பக்கத்துக் கிராமத்தில் கல்யாணம்; குடித்தனம் தம்பானூரில். சித்தப்பா காலமானதும் குடும்பப் பென்ஷனுக்குப் போனால், "கல்யாணத்துக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். ஊரே கூடி நடத்திய கல்யாணம்! கையில் இருந்ததோ மங்கிப்போன ஒரு போட்டோ. இரண்டு மாநில அலுவலகங்களுக்கும் பல மாதம் அலைந்தாள். பிறந்த வீட்டுச் சீராக வந்த நகைகளுக்கும் கணக்கு ஒன்றும் இல்லை.

இன்று நமக்கும் சட்டத்தின் துணை இருக்கிறது. மணமக்களுக்கு வரும் பரிசுகளைப் பட்டியலிட வேண்டும், பெண்ணின் பட்டியலைப் பெண்ணே வைத்திருக்க வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. கல்யாணப் பதிவைக் கேரளம் 2008-இலும், தமிழ்நாடு 2009-இலும் கட்டாயமாக்கின. ஆனால் மண்டபத்துக்கும் சமையலுக்கும் ஆறு மாதம் முன்பே முன்பணம் கொடுக்கும் நாம், பதிவை மட்டும் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம்.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்குச் சாட்சி சொல்ல ஊர்ப் பெரியவர்கள் எப்போதும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். எனவே பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவுச் சான்றிதழையும் சீர்ப் பட்டியலையும் உங்கள் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். மகள் கையில் கொடுங்கள்.