கரப்பான்பூச்சிகள் முன்னிலையில்

பம்பாய் சிறு வழக்குகள் நீதிமன்றம். லண்டனில் பாரிஸ்டர் படிப்பு முடித்து வந்த இளம் வக்கீல் ஒருவர் பிரதிவாதிக்காக எழுந்து நிற்கிறார். முதல் வழக்கு, கட்டணம் 30 ரூபாய். வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தால் போதும். எழுந்ததும் தலை சுற்றியது, நீதிமன்றமே கூடச் சேர்ந்து சுற்றுவது போலிருந்தது. கேட்க ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். வந்த வக்கீலுக்கு 51 ரூபாய். 'சத்திய சோதனை'யில் காந்தி இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

என் கதை இவ்வளவு பெரிதல்ல. எட்டாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் "அவையோர்க்கு வணக்கம்" வரை வந்துவிட்டேன். அடுத்த வரியைத் தேடிய நேரத்தில், கையிலிருந்த தாள் படபடவென்று அடித்துக்கொள்ளும் ஓசை மைக் வழியாக அரங்கம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேச்சின் தலைப்பு மறந்துவிட்டது. அந்தப் படபடப்பு மறக்கவில்லை.

தாள் ஏன் ஆடியது? நம் எல்லோருடைய விரல்களும் எப்போதுமே நடுங்கிக்கொண்டுதான் இருக்கின்றன, விநாடிக்கு 8 முதல் 12 முறை. கண்ணுக்குத் தெரியாத அளவு என்பதால் கவனிப்பதில்லை. நூறு முகங்கள் நம்மையே பார்க்கும்போது மூளையின் அமிக்டலா ஆபத்து என்று மணியடிக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. இதயத் துடிப்பு எகிறுகிறது. உமிழ்நீர் வற்றி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. குடலுக்குப் போகவேண்டிய ரத்தம் தசைகளுக்குத் திரும்புவதால் வயிற்றைக் கலக்குகிறது. தசைகளில் அட்ரினலின் பட்டதும் அந்த நுண்ணிய நடுக்கம் பெரிதாகிறது. அதை ஊருக்கே காட்டிக்கொடுக்க மெல்லிய தாளைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. (கெட்டி அட்டையில் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள்.)

எதிர்த்து நில், இல்லையேல் ஓடு என்ற இந்த உடல் ஏற்பாட்டை ஹார்வர்டு உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். புலி வந்தால் சரிதான். தலைமையாசிரியர் உட்கார்ந்து பார்ப்பதற்கும் உடம்பு அதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது. எதிரிப்படை நடுவே சாகத் துணிந்தவர் ஏராளம், அவை நடுவே அஞ்சாதவர் அரிது என்று வள்ளுவர் சொன்னது வெறும் உயர்வு நவிற்சி இல்லை போலும்.

ஆய்வுக்கூடத்தில் மனிதருக்கு மன அழுத்தம் உண்டாக்க வேண்டுமென்றால் விஞ்ஞானிகளே மேடையைத்தான் நாடுகிறார்கள். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் உருவான சோதனை இது. சலனமே இல்லாத முகத்தோடு நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன் 5 நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022-லிருந்து 13, 13-ஆக மனக்கணக்கில் கழித்துக்கொண்டே வர வேண்டும். தப்பினால் மறுபடி 1022. பெரும்பாலானோரின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் கிடுகிடுவென ஏறிவிடுகிறது. தலையாட்டாத, சிரிக்காத பார்வையாளர் எவ்வளவு கொடுமை என்பது மேடை ஏறியவர்களுக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை வேறொன்று. உளவியலாளர் ராபர்ட் சயோன்ஸும் சகாக்களும் 1969-இல் கரப்பான்பூச்சிகளை ஓட விட்டார்கள். ஒரு முனையில் பளீரென்ற விளக்கு, மறுமுனையில் இருட்டுப் பெட்டி. வெளிச்சம் பிடிக்காத பூச்சி இருட்டை நோக்கி ஓடும். ஓடுபாதையின் ஓரத்தில் கண்ணாடி போன்ற பெட்டிகளில் வேறு கரப்பான்பூச்சிகளைப் பார்வையாளர்களாக அமர்த்தினார்கள். நம் அழைப்பிதழ் பாணியில் சொன்னால், முன்னிலை: கரப்பான்பூச்சிகள்! நேர்ப்பாதையில் ஓடிய பூச்சி, பார்வையாளர் இருந்தபோது வேகமாக ஓடியது. திருப்பம் உள்ள பாதையில் விட்டபோதோ, பார்வையாளர் இருந்ததால் இன்னும் தாமதமாயிற்று. கூட்டம் ஏற்படுத்தும் கிளர்ச்சி கைவந்த வேலையைத் தூக்கிவிடுகிறது, கைவராத வேலையைக் கவிழ்த்துவிடுகிறது.

கர்நாடக இசைக் கச்சேரி வர்ணத்தில் தொடங்குவதற்குக் குரல் பதப்படும், விரல் படியும் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். பள்ளிப் பருவத்திலிருந்தே பாடிப் பாடி நேர்ப்பாதையாகிவிட்ட உருப்படி அது என்பதும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது. முதல் பத்து நிமிடப் படபடப்பை அது தாங்கிக்கொள்ளும். பேச்சாளருக்கும் இதே கணக்குதான். முழுப் பேச்சையும் நெட்டுருப் போட்டால் ஒரு சொல் நழுவினாலும் எல்லாம் சரியும். முதல் நான்கு வரிகள் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

மாத்திரை போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அட்ரினலின் போய் ஒட்டும் இடங்களை அடைக்கும் 'பீட்டா பிளாக்கர்' மருந்துகள் இதய நோய்க்காக வந்தவை. அவற்றை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். பிரிட்டனில் நரம்பிசைக் கலைஞர்களுக்கு இந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1977-இல் 'லான்செட்' இதழில் வந்தது. வில் பிடித்த கையின் நடுக்கம் குறைந்தது. மேற்கத்திய இசைக்குழுக்களில் பலர் இன்றும் இதை நாடுகிறார்கள். ஆனால் ஆஸ்துமா இருப்பவருக்கு இந்த மருந்து மூச்சையே அடைத்துவிடலாம். மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாத சமாச்சாரம்.

மேடைக்கு ஏறுமுன் தோளைத் தட்டி "பதறாதே தம்பி, அமைதியா இரு" என்பார்கள். குதிரை பாய்ந்து கிளம்பிய பிறகு நில் என்றால் நிற்குமா? ஹார்வர்டின் ஆலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நியர் முன் பாட வேண்டியவர்களில் சிலரை "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்றும், வேறு சிலரை "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்றும் சொல்லிவிட்டுப் பாட வைத்தார். உற்சாகம் என்று சொன்னவர்கள் தெளிவாக முந்தினார்கள். உடம்பின் படபடப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், பெயர்தான் வேறு.

இன்னொன்று, நம் நடுக்கம் நமக்குத் தெரிகிற அளவு பிறருக்குத் தெரிவதில்லை. இதைப் பேசப் போகும் மாணவர்களுக்கு முன்கூட்டியே விளக்கியபோது அவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள் என்று கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003-இல் காட்டினார்கள். என் விஷயத்தில்தான் மைக் குறுக்கே வந்து கெடுத்துவிட்டது.

காந்திக்கு வருவோம். 1893-இல் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களின் கூட்டத்தில் பேசினார். அதுவே தன் வாழ்வின் முதல் பொதுப் பேச்சு எனலாம் என்கிறார். வியாபாரத்தில் உண்மை பற்றிய பேச்சு. ஓரளவு தயாராகவே போயிருந்தார். இந்த முறை யாரும் மாற்று வக்கீலைத் தேட வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகும் கூச்சம் முழுவதுமாக விலகவில்லை, புதிய சபை என்றால் தயக்கந்தான் என்று பல வருடம் கழித்து எழுதினார். அதற்குள் அவர் பேசியிருந்த கூட்டங்களுக்கு எண்ணிக்கை இல்லை.