கோலார் ஐஃபோன் ஆலை: சம்பளம் எங்கே தொலைந்தது?

2020 டிசம்பர் 12. கர்நாடகாவின் கோலார் மாவட்டம் நரசாபுராவில், விஸ்ட்ரானின் ஐஃபோன் ஆலையைத் தொழிலாளர்களே அடித்து நொறுக்கினார்கள். வீடியோ வைரல். காரணம்? பேசின சம்பளம் வரல.

மாநிலத் தொழிற்சாலைகள் துறை ஆய்வில் இரண்டு எண்கள் கண்ணில் படுகின்றன. அனுமதி 5,000 பேருக்கு. வேலை பார்த்தவர்கள் 10,500 பேர். பெரும்பாலானோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வேலை வாங்குவது ஆலை, சம்பளம் போடுவது ஏஜென்சி. நடுவில் வருகைப்பதிவு முறையும் கோளாறு. 12 மணி நேர ஷிஃப்ட் பார்த்தாலும், பதிவாகாத நேரத்துக்குக் காசு எப்படி வரும்? யாரிடம் போய்க் கேட்பது?

புகாரில் சொன்ன 437 கோடி ரூபாய் சேதம்தான் தலைப்புச் செய்தியானது. பிறகு அது பல மடங்கு சுருங்கியது தனிக்கதை. ஒரே வாரத்தில், சிலருக்குச் சம்பளம் சரியாகத் தரவில்லை என்று ஒப்புக்கொண்டு விஸ்ட்ரான் மன்னிப்புக் கேட்டது. இந்தியப் பிரிவைக் கவனித்த துணைத் தலைவர் நீக்கப்பட்டார். குறைகளைச் சரிசெய்யும்வரை புது ஆர்டர் கிடையாது என்றது ஆப்பிள்.