செங்குத்து ஏற்றத்தில் ஜீப்

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் காப்பி, மிளகு, மலைவாழைத் தோட்டங்கள் பலவற்றுக்கு மண் பாதைதான். நான்கு சக்கர விசையுள்ள ஜீப்புகளே அங்கு சுமை ஏற்றுகின்றன. நீண்ட பாதையைவிட, ஐம்பது அறுபது அடியே உள்ள செங்குத்தான ஏற்றத்தில்தான் ஆபத்து அதிகம். சிறிய தூரந்தானே என்ற அலட்சியமே காரணம்.

முதலில் பாதையை நடந்து பார்த்தல் வேண்டும். ஏற்றத்தின் அடியிலேயே நான்கு சக்கர விசையையும் லோ கியரையும் போட்டுவிட வேண்டும். நடுவில் கியர் மாற்றலாகாது. பாய்ந்து ஏறினால் சக்கரம் மண்ணைத்தான் பறிக்கும்.

பாதியில் எஞ்சின் நின்றுவிட்டால் பலர் வண்டியைத் திருப்ப முயல்கின்றனர். குறுக்கே திரும்பும் வண்டி உருண்டுவிடும். பிரேக்கை அழுத்தியபடி எஞ்சினைக் கிளப்பி, ரிவர்ஸ் கியரில் கிளச்சை முழுதும் விட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்க வேண்டும். கிளச்சை மிதித்து உருளவிடுவது உயிருக்கே உலை.

சுமையுடன் கீழே வரும்போதும் அதே லோ கியர்தான். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்குவது கூடவே கூடாது. மூட்டைகளைத் தாழ்வாக அடுக்கி இறுகக் கட்டுவது நலம். மூட்டைமேல் ஆட்களை ஏற்ற வேண்டாம். அந்த ஐம்பது அடியை அவர்கள் நடந்தே கடக்கட்டும்.

மழை நாளில் பாதை காயும்வரை வண்டியை எடுக்காதிருத்தல் நல்லது. உலர்ந்த மிளகும் காப்பியும் கொட்டகையில் ஓரிரு நாள் இருந்தால் கெட்டுவிடா. பழுக்கத் தொடங்கிய வாழைத்தாரை மட்டும் அந்தச் சரிவுவரை தலைச்சுமையாக இறக்கிக்கொள்ளலாம்.