கண்ணுக்குத் தெரியாத நேர்கோடு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

கடலில் செல்லும் விசைப்படகைக் கரையில் நின்று காண்போர் அதன் வண்ணத்தைக் காண்பர், கொடியைக் காண்பர், முகப்பில் எழுதியுள்ள பெயரைப் படிப்பர். அந்தப் படகை உந்திச் செல்லும் பொருளை மட்டும் எவரும் காண்பதில்லை. அது நீருக்கடியில் இருந்து உழைக்கிறது. புத்தகங்களில் அதன் பெயர் புரொப்பெல்லர். எங்கள் பட்டறையில் அதைக் காற்றாடி என்போம். அதையும் எஞ்சினையும் இணைக்கும் நீண்ட உலோகத் தண்டு ஷாப்ட் எனப்படும். இவ்விரண்டையும் கழற்றிப் பழுதுபார்த்து மீண்டும் பொருத்தும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் தந்தையார் கடலூர் முதுநகரில் படகுப் பட்டறைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான் முதல். ஆகவே இக்கட்டுரையில் புத்தக அறிவுடன் பட்டறைக் கிரீஸும் சற்று ஒட்டியிருக்கும். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்வார்களாக.

திருகின் வரலாறு

திருகு மரத்தில் இறங்குவதுபோல் காற்றாடி நீரைத் துளைத்துக்கொண்டு முன்னேறுகிறது என்று முதலில் எண்ணினர். 1836இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவர் இதற்கு உரிமம் பெற்றார். அதே ஆண்டில் ஸ்வீடன் நாட்டவரான ஜான் எரிக்சனும் வேறொரு வடிவத்துக்கு உரிமம் பெற்றார். ஸ்மித் செய்த மரத்திருகு நீளமானது. 1837இல் ஒரு கால்வாயில் சோதனை நடந்தபோது அத்திருகின் ஒரு பகுதி ஒடிந்துபோயிற்று. படகு நிற்கும் என்று எதிர்பார்த்தனர்; மாறாக அது முன்னைவிட வேகமாக ஓடிற்று! நீண்ட திருகு வேண்டியதில்லை, குறுகிய இறக்கைகளே போதும் என்பது அந்த விபத்தினால் புலனாயிற்று.

காற்றாடியின் கணக்கு

ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையாளும் நாம் அனைவரும் புரியிடைத் தூரம் என்பதை அறிவோம். காற்றாடிக்கும் அது உண்டு. காற்றாடியின் குடத்தில் 36 × 24 என்று பொறித்திருந்தால் முதல் எண் அங்குலத்தில் விட்டம். இரண்டாவது புரியிடைத் தூரம். அதாவது ஒரு சுற்றுக்கு 24 அங்குலம் முன்னேற வேண்டும்.

எஞ்சின் நிமிடத்துக்கு 1800 சுற்றுகள் சுற்றுவதாகவும், கியர்ப் பெட்டி அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பதாகவும் கொள்வோம். ஷாப்ட் 600 சுற்றுகள் சுற்றும். ஒரு சுற்றுக்கு இரண்டு அடி என்றால் நிமிடத்துக்கு 1200 அடி. மணிக்கு 72,000 அடி. கடல் மைல் ஒன்றுக்கு 6,080 அடி வீதம் வகுத்தால் ஏறத்தாழ 11.8 கடல் மைல் வருகிறது. படகோ மணிக்கு 8 கடல் மைல்தான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி என்னவாயிற்று? நீர் மரம் போன்றதன்று. அது வழுக்கிப் பின்னே செல்கிறது. இதனை நழுவல் என்கிறோம். நம் கணக்கில் அது நூற்றுக்கு 32 பங்கு. இறக்கை வளைந்தாலோ விளிம்பு தேய்ந்தாலோ நழுவல் மிகும், டீசல் வீணாகும்.

கழற்றுதல்

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. மீன்கள் இனம்பெருகும் அந்தக் காலமே படகுகளின் வைத்திய காலமும் ஆகும். படகைக் கரையேற்றிக் கட்டைகளின்மேல் நிறுத்தியதும் வேலை தொடங்குகிறது.

காற்றாடி, ஷாப்டின் சரிவான முனையில் இறுகப் பொருந்தியிருக்கும். நட்டை முழுவதும் கழற்றிவிடக் கூடாது. தளர்த்தி, சில புரிகள் மாட்டியபடியே விட்டுவைக்க வேண்டும். புல்லர் கொண்டு இழுக்கும்போது காற்றாடி திடீரென விடுபடும். அப்போது அது காலில் விழாமல் காப்பது அந்த நட்டுதான். ஷாப்டின் முனையில் சம்மட்டியால் அடிப்பது பெருந்தவறு. புரிகள் நசுங்குவதோடு அந்த அடி கியர்ப் பெட்டி வரையில் போய்ச் சேரும்.

நோய் காணுதல்

கழற்றிய காற்றாடியைத் தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டிப் பார்ப்பார் என் தந்தை. நல்ல உலோகம் மணிபோல் ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால் வெடிப்போ அரிப்போ உண்டு. பித்தளை வகைக் காற்றாடியில் சில இடங்கள் செம்பு நிறமாக மாறியிருந்தால், அங்கே துத்தநாகம் கடல்நீரில் கரைந்துபோய்விட்டது என்று பொருள். இத்தகைய மின்வேதி அரிப்பைத் தடுக்கவே ஷாப்டிலும் படகின் அடியிலும் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகின்றனர். மற்ற உலோகத்துக்குப் பதிலாகக் கட்டி தான் கரைகிறது. அதன்மேல் அழகுக்காகப் பெயிண்ட் அடித்துவிட்டால் பயனில்லை.

விளிம்பில் விழுந்த சிறு வளைவுகளை நிமிர்த்தலாம். ஆனால் இறக்கையின் அடிப்பகுதியில் வெடிப்பு கண்டால் அதைச் சிறு பட்டறையில் பற்றவைத்து ஓட்டுவது ஆபத்து. முழு விசையும் தாங்குமிடம் அதுவே.

அடுத்தது சமநிலை. ஒரு தண்டில் கோத்துச் சமமான இரு விளிம்புகளின்மேல் வைத்தால் கனத்த இறக்கை தானாகக் கீழே வரும். அதைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, எந்த நிலையில் விட்டாலும் அசையாமல் நிற்கும்படி செய்கின்றனர். இது அவ்வளவு அவசியமா என்று நான் ஒருமுறை கேட்டதுண்டு. கல்லூரிக்கு வந்தபின் நானே கணக்கிட்டேன். மையத்திலிருந்து 40 செ.மீ. தொலைவில் 200 கிராம் குறைந்திருக்கிறது. வேகம் 600 சுற்று. மையவிலக்கு விசை ஏறத்தாழ 316 நியூட்டன், அதாவது 32 கிலோ எடை! அத்தனை எடை நொடிக்குப் பத்து முறை ஷாப்டைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறது. பியரிங் எப்படி நிலைக்கும்?

ஷாப்டை இரு தாங்கிகளில் கிடத்தி, கையால் சுற்றி, டயல் கேஜ் கொண்டு வளைவைக் காண்பர். ஷாப்ட் வெளியேறும் குழாயின் முனையில் ரப்பர் புஷ் ஒன்று உண்டு. அதற்கு எண்ணெய் தேவையில்லை. உட்புறக் காடிகளின் வழியே ஓடும் கடல்நீரே மசகு ஆகிறது. இந்த எண்ணம் பழமையானது. 1854இல் ஜான் பென் என்பவர் லிக்னம் விட்டே என்னும் கடினமான மரத்தை நீரால் மசகிடப்படும் தாங்கியாகக் கொண்டுவந்தார்.

பொருத்துதல்

ஷாப்டின் சரிவு பல படகுகளில் பன்னிரண்டு அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலம் குறையும்படி அமைந்திருக்கும். அதில் நீலமை தடவி, கீ என்னும் எஃகுக் கட்டை இல்லாமலே முதலில் காற்றாடியை ஏற்றி இறக்க வேண்டும். மை எங்கும் பரவி ஒட்டியிருந்தால் பிடிப்பு நன்று. காற்றாடி எதுவரை ஏறியது என்று கோடிட்டுக்கொண்டு, பின்னர் கீயை வைத்து மீண்டும் ஏற்ற வேண்டும். அதே கோடு வரை வரவில்லையெனில் கீயின் முதுகு இடிக்கிறது. பார்ப்பதற்கு இறுக்கம், உண்மையில் பிடிப்பு இல்லை. கடைசியில் நட்டும், அது கழலாமலிருக்க ஸ்பிளிட் பின்னும்.

ஷாப்ட் படகினுள் நுழையுமிடத்தில் நீரைத் தடுப்பது கிளாண்டு. அதில் கொழுப்பூட்டிய பேக்கிங் கயிற்றை வைக்கின்றனர். ஒரே கயிற்றைச் சுருளாகச் சுற்றாமல் தனித்தனி வளையங்களாக வெட்டி, ஒன்றின் இணைப்பு மற்றொன்றின் இணைப்புக்கு நேரே வராமல் வைக்க வேண்டும். ஒரு சொட்டும் ஒழுகாதபடி முறுக்குவது கெட்டிக்காரத்தனம் அன்று. ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டுகள் விழ வேண்டும். அந்தச் சொட்டுகளே ஷாப்டைக் குளிர்விக்கின்றன.

இரண்டு பிளேடு விதி

இனிதான் முக்கியமான கட்டம். ஷாப்டின் முனையிலுள்ள வட்டத் தட்டும் கியர்ப் பெட்டியின் வட்டத் தட்டும் சேருமிடம் கப்ளிங். இரு தட்டுகளும் ஒன்றுக்கொன்று இணையாக முகம் பொருந்த வேண்டும். தட்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குமேல் இடைவெளி கூடாது என்பது பொது விதி. 150 மி.மீ. தட்டுக்கு 0.15 மி.மீ.

என் தந்தையார் இந்த விதியைப் படித்தவர் அல்லர். அவருடைய கருவி முகம் மழிக்கும் பிளேடு. தட்டுகளுக்கிடையே மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடங்களில் செருகிப் பார்ப்பார். "ஒரு பிளேடு போவலாம், ரெண்டு பிளேடு சேந்து போவக்கூடாது" என்பது அவர் சட்டம். பிறகு ஷாப்டை அரைச் சுற்றுச் சுற்றி மறுபடி பார்ப்பார். இடைவெளி ஷாப்டோடு சேர்ந்து சுற்றினால் கோணல் தட்டில். அதே இடத்தில் நின்றால் கோணல் எஞ்சின் இருக்கையில். ஒருநாள் அந்தப் பிளேடை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்த் திருகு அளவியில் வைத்தேன். 0.10 மி.மீ. காட்டியது. இரண்டு பிளேடு 0.20. விதியின் எல்லை 0.15! அன்று மாலை அதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "அந்த மிஷினுலயும் அப்படித்தான் சொல்லுதா?" என்றார்.

அவரிடம் இன்னொரு சட்டமும் உண்டு. கரையில் பார்த்தது கணக்கில்லை. படகைத் தண்ணீரில் இறக்கி ஓர் இரவு விட்டு, டீசலும் ஐஸும் ஏற்றியபின் மறுபடி பார்க்க வேண்டும். காரணம் ஆர்க்கிமிடீஸ் தத்துவமே. கரையில் படகின் எடையை நாலைந்து கட்டைகள் தாங்குகின்றன. நீரிலோ மிதப்பு விசை அடிப்பகுதி முழுவதும் பரவித் தாங்குகிறது. தாங்கும் முறை மாறினால் படகின் உடல் சிறிது வளைகிறது. அதோடு எஞ்சின் இருக்கையும் ஷாப்ட் குழாயும் இடம் மாறுகின்றன. கரையில் நேராயிருந்த கோடு நீரில் நேராயிருக்க வேண்டும் என்பதில்லை.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு படகுக்காரர் அவசரப்பட்டார். தடை முடியும் நாளில்தான் படகு தண்ணீரில் இறங்கிற்று. விடியுமுன் கிளம்ப வேண்டும் என்றார். என் தந்தையார் முதலில் மறுத்தார், பிறகு இணங்கிவிட்டார். அறுபத்தொரு நாள் வருமானமில்லாதவரிடம் இன்னும் ஒரு நாள் பொறுங்கள் என்று எப்படி அழுத்திச் சொல்வது? மூன்றாம் இரவு நடுக்கடலில் கப்ளிங் போல்ட்டுகள் அறுந்தன. ஷாப்ட் பின்னே நழுவிக் கிளாண்டை விட்டு வெளியேறியது. காற்றாடி சுக்கானில் இடித்து நின்றது. திறந்த குழாய் வழியே கடல் உள்ளே வந்தது.

அந்தப் படகில் என் தாய்மாமன் இருந்தார். சாக்கையும் தம் சட்டையையும் குழாயில் திணித்து, மற்றொரு படகு வந்து கட்டி இழுக்கும் வரையில் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். உயிர்கள் தப்பின. அவருடைய வலக்கை இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. 2024ஆம் ஆண்டுத் தடைக்காலத்தில் என் தந்தையை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை. அவ்வாண்டு நான் இக்கல்லூரியில் சேர்ந்தபோது கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் பணம் கொண்டுவந்தவர் அதே மாமாதான். "நீ படிச்சிட்டு வந்து ஏன் அறுந்துச்சுன்னு சொல்லு மாப்ள" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

2025இல் ஒரு படகு கிடைத்தது. தேர்வு முடிந்து நானும் கூட வேலை செய்தேன். கரையில் பார்த்தபோது எந்தப் பக்கமும் ஒரு பிளேடு நுழையவில்லை. படகுக்காரர், "இதுக்கு மேல என்னண்ணே வேணும்?" என்றார். இம்முறை என் தந்தையார் இணங்கவில்லை. படகு ஜூன் 12ஆம் தேதியே தண்ணீரில் இறங்கிற்று. மறுநாள் காலை டீசலும் ஐஸும் ஏறியபின் போல்ட்டுகளைத் தளர்த்தி, படகுக்காரர் கையிலேயே பிளேடுகளைக் கொடுத்தோம். மேலே ஒன்றும் நுழையவில்லை. கீழே ஐந்து பிளேடுகள் சேர்ந்து நுழைந்தன. அரை மில்லி மீட்டர்! 150க்கு அரை என்றால் முந்நூறில் ஒரு பங்கு. மூன்று மீட்டர் ஷாப்டின் கோடியில் அது 10 மி.மீ. விலகல். ஷாப்ட் அவ்வளவு விலக முடியாது, பியரிங் பிடித்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பகையைப் போல்ட்டுகள் தாங்குகின்றன. வளைந்து வளைந்து களைத்து ஒருநாள் அறுகின்றன.

எஞ்சின் இருக்கையில் ஷிம் தகடுகளை மாற்றி வைத்து இடைவெளியைச் சரிசெய்ய இரண்டு மணி நேரம் பிடித்தது. கிளாண்டுக்கு முன்பாக ஷாப்டில் ஒரு வளையப் பூட்டும் மாட்டினோம். மறுபடி கப்ளிங் அறுந்தாலும் ஷாப்ட் வெளியே நழுவாமல் அது தடுக்கும். படகு உரிய நாளில் மற்றப் படகுகளோடு சேர்ந்தே புறப்பட்டது.

அன்று மாலை மாமாவிடம் பதில் சொன்னேன். காகிதத்தில் கோடு போட்டு, ஆயிரத்தில் ஒரு பங்கு, முந்நூறில் ஒரு பங்கு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர் என் தந்தையைப் பார்த்து, "அப்ப மச்சான் சொன்ன ஒரு ராத்திரிதான் கணக்கு" என்றார். இருவரும் அந்தப் பேச்சை இரண்டு ஆண்டுகளில் அன்றுதான் எடுத்தனர்.

நண்பர்களே! நம்மில் பலர் உழைக்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பெற்றோர் சொல்லும் "இப்படித்தான் செய்யணும்" என்பவற்றுள் எத்தனையோ விதிகள் காரணம் எழுதப்படாமல் கிடக்கின்றன. அவற்றை அளந்து பார்ப்போம். சரியானவை சரியென்று எழுதி வைப்போம். அவசரக்காரர் ஒருவர் வந்து நிற்கும்போது, மறுத்துச் சொல்ல அவர்களுக்கு அது துணைநிற்கும்.