நொய்யலாறும் கோயமுத்தூர் நகரமும்

கோயமுத்தூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,350 அடி உயரத்தில், நொய்யலாற்றின் கரையில் அமைந்துள்ளது. வடமேற்கில் நீலகிரியும், மேற்கில் வெள்ளியங்கிரியும், தெற்கில் ஆனைமலையும் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. தென்மேற்குப் பருவமழையில் பெரும்பகுதியை இம்மலைகளின் மேற்குச் சரிவே பெற்றுக்கொள்வதால், நகரைச் சுற்றியுள்ள சமவெளிக்கு வருஷத்தில் ஏறக்குறைய 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே கிடைக்கின்றது. இத்துணைச் சொற்ப மழையுள்ள பூமியில் பெருநகரமும் செழிப்பான தோட்டச் சாகுபடியும் உண்டானது எங்ஙனம் என்பதை அறிந்தாலன்றி, அவற்றைக் காக்கும் வழியும் புலப்படாது.

முதற்காரணம் பாலக்காட்டுக் கணவாயாகும். தொடர்ச்சியாக ஓடும் மேற்கு மலையில் இவ்விடத்தில் மட்டும் சுமார் 30 கிலோமீட்டருக்கு மேல் அகன்ற இடைவெளி உண்டு. மேலைக்கடல் துறைகளிலிருந்து கரூர் முதலிய உள்நாட்டு ஊர்களுக்குச் செல்லும் பண்டைய வணிகப் பாதை இதன் வழியாகவே சென்றது. வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய நாணயங்களும், நொய்யற்கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மணிகளும் இரும்புருக்கு உலைகளும் இதற்குச் சான்றாம்.

இரண்டாவது காரணம் குளங்கள். வெள்ளியங்கிரியில் தோன்றும் நொய்யல், மலையில் மழை பெய்தபோது பெருகி, விரைவில் வற்றும் இயல்புடையது. ஆகையால் முன்னோர் ஆற்றின் குறுக்கே அணைக்கட்டுகளை எழுப்பி, வெள்ளத்தை வாய்க்கால்களில் திருப்பி, ஒன்றன்பின் ஒன்றாகக் குளங்களை நிரப்பினர். ஒரு குளத்தின் மிகுதி நீர் அடுத்த குளத்திற்கோ மீண்டும் ஆற்றிற்கோ செல்லும். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர்க் குளங்கள் இவ்வரிசையைச் சேர்ந்தவை. வயலுக்குப் பாய்வதோடு இவற்றின் பயன் முடிவதில்லை. இப்பகுதியின் அடிநிலம் கடும்பாறையாதலால், அதன் மேலுள்ள இளகிய படலத்திலும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். குளத்தில் நின்ற நீர் அங்கே கசிந்திறங்கிச் சுற்றுப்புறத்துக் கிணறுகளில் ஊற்றாகின்றது.

அக்கிணறுகளில் கவலை பூட்டி இறைத்த நீரே கொங்கு நாட்டுத் தோட்டங்களை வளர்த்தது. மானாவாரிக் கரிசலில் கருங்கண்ணிப் பருத்தியும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தோட்டங்களில் கம்போடியாப் பருத்தியும் விளைந்தன. 1888-ல் நகரில் நூற்பாலை ஏற்பட்டது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பல்கின. சைதாப்பேட்டையிலிருந்த விவசாயக் கல்லூரி 1906-ல் இங்கு மாற்றப்பட்டது. 1971-ல் அது பல்கலைக்கழகமாயிற்று. கரும்பு நன்கு பூத்து விதை பிடிக்கும் இடமாதலால் 1912-ல் கரும்பு அபிவிருத்தி நிலையமும் இங்கே நிறுவப்பட்டது. ஸர் டி. எஸ். வெங்கடராமன் முதலியோர் அங்கு உண்டாக்கிய கோ-205 என்னும் கலப்பினம் 1918-ல் வெளிவந்து, வடநாட்டுச் சாகுபடியையே மாற்றியது.

ஆயினும் மின்சாரப் பம்பு ஒருபுறம் நன்மை செய்து மறுபுறம் தீங்கும் விளைத்தது. கவலை இறைத்த காலத்தில் எருதுகளின் உழைப்புக்கு ஓர் எல்லை இருந்தது; பம்புக்கு அவ்வெல்லை இல்லை. கிணறுகள் வற்றின, ஆழ்துளைகள் பல இடங்களில் ஆயிரம் அடிக்கும் கீழே சென்றன. அதே வேளையில் வாய்க்கால்கள் தூர்ந்தும், குளக்கரைகள் ஆக்கிரமிக்கப்பட்டும், கழிவுநீர் கலந்தும் ஊற்றின் தாயிடமே குன்றியது. கீழ்நொய்யலில் 1992-ல் பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிப் பல கிராமங்களின் நிலமும் கிணறும் உவராயின. 2011-ல் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட நேர்ந்தது. உவரேறிய மண்ணை மீட்பது ஓரிரு போகத்தில் முடியும் காரியமன்று.

எனவே குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் பின்வருவனவற்றைக் கருத்திற்கொள்ளுதல் நலம். நொய்யலில் புதுவெள்ளம் வருமுன், அதாவது வைகாசிக்குள், வாய்க்கால்களைத் தூர் எடுத்தல் வேண்டும். குளத்தின் எல்லையைப் புலப்படத்தோடு ஒப்பிட்டுக் கற்களை நிலைநிறுத்த வேண்டும். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ம் வருஷத்துச் சட்டம் இடந்தருகின்றது. குளத்து வண்டலை முறைப்படி அனுமதி பெற்று நிலத்திற்கு இட்டால், குளமும் ஆழமாகும், மண்ணும் வளம் பெறும். புதிதாய் ஆழ்துளை இறக்கச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஊரார் கூடி வாய்க்காலுக்குச் செலவிடுவாராயின், பல கிணறுகள் ஒருசேரப் பயன்பெறும். கணவாயும் மலையும் இயற்கை தந்தவை. குளமோ மனிதர் வெட்டியது, மனிதர் பேணினாலன்றி நிலைக்காது.