சாலை நெற்களமன்று

பிசான அறுவடைக் காலத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது, நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. தார்ச்சாலையின் ஒரு பாதி நெற்களமாகியிருக்கும். நெல்லைக் காக்கும் பொருட்டு அதன் ஓரத்தில் கற்களை வரிசையாக வைத்திருப்பர்.

உழவரின் இடர்ப்பாட்டை நாம் அறியாதவரல்லோம். ஈரம் 17 சதவீதத்துக்கு மேற்படின் கொள்முதல் நிலையம் வழக்கமாக நெல்லை ஏற்பதில்லை. ஊரில் உலர்களமோ போதவில்லை. ஆயினும், சேலைகளைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டு இருட்டில் வீடு திரும்பும் வீரவநல்லூர் நெசவாளருக்கு அக்கல்லே எமனாகலாம். பின்விளக்கின்றி நிற்கும் டிராக்டர் பெட்டியும் அத்தகையதே.

விபத்தை விதியென்று கூறி அமைதல் தகாது. தமிழ்நாட்டில் சாலை விபத்துக்களில் மாண்டோர் 2016-இல் 17,218 பேர். 2019-இல் 10,525 பேர். வாகனங்கள் பெருகியும் சாவு குறைந்ததெனின், அது மனித முயற்சியின் பயனேயன்றோ?

ஆதலின் அங்கத்தினர் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, மகாசபைக் கூட்டத்தில் பொது உலர்களம் வேண்டித் தீர்மானம் நிறைவேற்றுக. இரண்டாவது, டிராக்டர் பெட்டியின் பின்புறம் ஒளிரும் சிவப்புப் பட்டை ஒட்டுக. மூன்றாவது, அடிபட்டவரைக் கண்டால் அஞ்சாது 108-ஐ அழைத்து உதவுக. 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்துடன் உதவுவோரை வழக்கிலிருந்து காக்கின்றது. பெயர் கூறுமாறு அவரைக் கட்டாயப்படுத்தலாகாது. 2021-இல் தொடங்கப்பெற்ற 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்படி, பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்புக்குட்பட்டு அரசே ஏற்கின்றது.

நெல் நாளையும் உலரும். போன உயிர் மீளுமோ?